தலைமாட்டில் நிற்பவர்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

சென்ற வாரம் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பொது வார்டு செவிலியர். நலம் விசாரித்த பிறகு சொன்னாள்:

"சார், நான் மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது ஐ.சி.யூ.ல வேலை பார்த்திருக்கணுமாம். லேசான ஐ.சி.யூ.வா ஒண்ணு பார்த்து, ஒரு வருஷத்தை ஓட்டிட்டா போதும்னு இங்க இருக்கறவங்க சொல்றாங்க. நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும், நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார்" என்றேன். "இல்ல சார், நீங்க எதையும் படிச்சுப் பார்த்துட்டுத்தானே பதில் சொல்லுவீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பெரிய வரலாறே இருக்கிறது. அவளுக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்கும் சொல்லலாம் என்று இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் செவிலியர்களாக வெளிநாட்டில் இருக்கிறார்கள் அல்லவா?

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. அதற்கென்றே தனியாக மேற்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் அத்தகைய மருத்துவர்கள் உண்டு. ஆனால் அங்கே செவிலியர்களும் மேற்படிப்பு படித்து, தேர்வு எழுதி, சான்று பெற்று மயக்க மருந்து கொடுக்கிறார்கள். சி.ஆர்.என்.ஏ. என்று சொல்வார்கள். கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வேலைக்கு அவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். சம்பளம் ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல். அதனால்தான் இத்தனை போட்டி, இத்தனை அவசரம்.

செவிலியர் கைக்கு இந்த வேலை எப்படி வந்தது? கதை அங்கேதான் தொடங்குகிறது.

1846 அக்டோபர் 16. பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார். ஜான் வாரன் என்ற மூத்த அறுவை மருத்துவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1842இல், ஜார்ஜியா மாநிலத்தில் க்ராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் ஈதரைப் பயன்படுத்தியிருந்தார். அவர் அதை அப்போது எழுதி வெளியிடவில்லை. அதனால் பெயர் பாஸ்டனுக்குப் போய்விட்டது. (தேர்வுத் தாளில் விடை தெரிந்தும் எழுதாமல் வந்த மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்களா?)

வலி போனது. ஆனால் புதிய ஆபத்து வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டு, சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்கமும் மரணமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது பெரிய வேலையாகக் கருதப்படவில்லை. மருத்துவம் கற்கும் இளைஞர் யாரையாவது கூப்பிட்டு ஈதர் புட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த இளைஞருக்கோ அறுவை சிகிச்சை கற்க ஆசை. கண்ணெல்லாம் கத்தி போகும் இடத்திலேயே இருக்கும். நோயாளியின் உதடு நீலமாகிறதா, மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

அறுவை மருத்துவர்களுக்கு வேண்டியிருந்தவர், வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும் ஒருவர். வேறு எதற்கும் ஆசைப்படாமல் தலைமாட்டில் நிற்கும் ஒருவர். அப்படித்தான் அவர்கள் செவிலியர்களிடமும், மருத்துவமனை நடத்திய கன்னியாஸ்திரீகளிடமும் வந்து சேர்ந்தார்கள். 1877இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில், செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் இந்த வேலையை ஏற்ற சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்பவரைத்தான் இத்துறையின் முதல் செவிலியராகக் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த பெயரை நன்றாக நினைவில் வையுங்கள்: ஆலிஸ் மகா. மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டர் நகரில், புகழ்பெற்ற மேயோ சகோதரர்களிடம் 1890களில் வேலைக்குச் சேர்ந்த செவிலியர். அவரிடம் இருந்தது ஒரு கம்பிக் கூடு, அதன்மேல் மெல்லிய துணி, ஈதர் புட்டி. அவ்வளவுதான். துணிமேல் சொட்டுச் சொட்டாக விடுவார். நோயாளியோடு மெல்லப் பேசிக்கொண்டே இருப்பார். பயம் தணியத் தணிய மருந்தும் குறைவாகவே தேவைப்படும் என்பதைக் கண்டுகொண்டார். 1906இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 14,000க்கும் மேற்பட்ட முறை மயக்கம் கொடுத்ததில், மயக்க மருந்தால் ஒரு மரணமும் இல்லை என்பது அதன் சாரம். இன்றிருக்கும் கருவி ஒன்றுகூட இல்லாத காலத்தில்! ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் கருவி அறுவை அரங்குகளில் பரவியதே 1980களில்தான். அவருக்குக் கருவி அவருடைய கண்ணும் காதும் விரலும்.

பிறகு கிளீவ்லாந்தில் அகதா ஹாட்ஜின்ஸ் வந்தார். ஜார்ஜ் கிரைல் என்ற அறுவை மருத்துவரோடு வேலை செய்தவர். முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரான்சுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களுக்கு மயக்கம் கொடுத்தார். திரும்பி வந்து, 1915இல் லேக்சைடு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1931இல் இந்தச் செவிலியர்களுக்கென்று தேசிய சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "இது மருத்துவத் தொழில், செவிலியர் செய்வது சட்டவிரோதம்" என்று வழக்குப் போட்டார்கள். 1917இல் கென்டக்கியிலும், 1936இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்பு செவிலியர் பக்கம் வந்தது. 1945இல் முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. 1956இல் சி.ஆர்.என்.ஏ. என்ற பட்டம் வந்தது.

"சரி சார், இதில் ஐ.சி.யூ. எங்கே வருகிறது?" என்று கேட்பீர்கள். அதற்கு நாம் டென்மார்க் போக வேண்டும். ஐ.சி.யூ. என்ற ஒன்றே மயக்க மருந்துக்காரர்களின் கையிலிருந்து பிறந்தது என்பது, படிக்கும்வரை எனக்கும் தெரியாது.

1952 கோடைக்காலம். கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம். நம் காலத்தில் போலியோ சொட்டு மருந்து முகாமில் நின்ற ஆசிரியர்களுக்கு அந்த நோயின் கொடுமை தெரியும். அங்கே வந்தது, மூச்சுத் தசைகளையே முடக்கும் கடுமையான வகை. பிளெக்டாம் மருத்துவமனையில் அப்போது முழு உடலையும் உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் இயந்திரம் ஒன்றும், மார்பில் கட்டும் கருவிகள் ஆறும்தான் இருந்தன. முதல் சில வாரங்களில் அப்படிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பயிற்சி பெற்ற இடம் எது தெரியுமா? பாஸ்டனில், முதலில் சொன்ன அதே மாசசூசெட்ஸ் மருத்துவமனை! அவர் சொன்னது எளிமையானது. அறுவை அரங்கில் மயங்கிக் கிடப்பவருக்கு நாங்கள் ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிறோமே, அதையே இங்கே செய்தால் என்ன? ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிக் காட்டினார். அந்தச் சிறுமி பிழைத்தாள்.

ஆனால் நோயாளிகள் எத்தனையோ பேர். ஒவ்வொருவருக்கும் இரவும் பகலும் பையை அமுக்க ஆள் வேண்டும். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து வந்து, கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, வாரக்கணக்கில் பிள்ளைகளுக்குத் தங்கள் கையால் மூச்சுக் கொடுத்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்கில் மூவர் பிழைக்கும் நிலை வந்தது. இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டின் இறுதியில், கோபன்ஹேகனின் இன்னொரு மருத்துவமனையில், கடுமையாக நோயுற்றவர்களை ஓரிடத்தில் வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் கவனிக்கும் பிரிவை இப்சன் தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்மாதிரி என்கிறார்கள். அமெரிக்காவில் 1958இல் பால்டிமோரில் அப்படி ஒரு பிரிவை அமைத்த பீட்டர் சஃபாரும் மயக்கவியல் மருத்துவர்தான்.

அதே 1958இல் நியூயார்க்கில் ஒரு சம்பவம். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு பெண் மார்பில் குத்திவிட்டார். ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது பையை அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுத்தவர் கோல்டி பிராங்மன் என்ற கறுப்பினச் செவிலியர். 1940களின் பாதிவரை கறுப்பினச் செவிலியர்களைச் சேர்த்துக்கொள்ளாத அதே தேசிய சங்கத்துக்கு, 1973இல் அவரே தலைவரானார்.

1960களில் இன்னொரு மாற்றம். மாரடைப்பு வந்தவர்களுக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறானால் டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் செவிலியரே திரையைப் பார்த்து, புரிந்துகொண்டு, மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்பவர் என்ற நிலையிலிருந்து, பார்த்து முடிவெடுப்பவர் என்ற நிலைக்குச் செவிலியர் உயர்ந்த இடங்களில் இந்த ஐ.சி.யூ.வும் ஒன்று.

இப்போது அந்த ஒரு வருட விதிக்கு வருவோம்.

அமெரிக்காவில் மயக்கவியல் செவிலியர் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு, சேருபவருக்குக் குறைந்தது ஓர் ஆண்டு முழுநேரத் தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும் என்கிறது. பலர் அதற்கும் மேலான அனுபவத்தோடுதான் சேருகிறார்கள். படிப்பு மூன்று ஆண்டு. 2022 முதல் புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் பட்டத்துக்கே சேருகிறார்கள். குறைந்தது 2,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு. அந்த மூன்று ஆண்டும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது மிகக் கடினம். கடன் வாங்கித்தான் பலர் படிக்கிறார்கள்.

ஏன் ஐ.சி.யூ.? அங்கே ஒரு செவிலியர் கையில் ஒருவர் அல்லது இருவர்தான் இருப்பார்கள். ரத்தக் குழாய்க்குள்ளேயே குழாய் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தைத் திரையில் பார்க்கலாம். அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து சொட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் ஏற்றுவதும் கொஞ்சம் இறக்குவதும் செவிலியரின் கை. வென்டிலேட்டர் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும். நோயாளியால் பேச முடியாது. மயக்க மருந்து கொடுக்கும்போது நடப்பதும் இதேதானே? தூங்க வைக்கும் மருந்து பல நேரம் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கிவிடும். அந்த இறக்கத்தை ஏற்கெனவே நூறு இரவுகள் பார்த்த கண்ணுக்கும், புத்தகத்தில் மட்டும் படித்த கண்ணுக்கும் வித்தியாசம் இருக்காதா? ஆலிஸ் மகா சொட்டுச் சொட்டாக ஈதர் விட்டதும், இன்று ஐ.சி.யூ. செவிலியர் மருந்தைத் துளித்துளியாக ஏற்றி இறக்குவதும் ஒரே வேலைதான்.

ஆகவே என் மாணவிக்கு நான் சொன்னது இதுதான்.

அம்மா, "லேசான ஐ.சி.யூ." தேடாதே. வென்டிலேட்டரே அபூர்வமாக இருக்கும் பிரிவில் ஓர் ஆண்டு இருந்தால், தாளில் ஓர் ஆண்டு இருக்கும், கையில் இருக்காது. இதய அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் நோயாளி அரங்கிலிருந்து நேராக வருகிறார். மயக்கம் கொடுத்தவரே கூட வந்து ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று அன்றாடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொது மருத்துவ ஐ.சி.யூ.வில் ரத்தத்தில் கிருமி பரவியவர்களும் நுரையீரல் பழுதானவர்களும் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருப்பார்கள். அது வேறு வகைப் பாடம். விபத்து, அறுவை ஐ.சி.யூ.வில் ரத்தம் இழந்தவர்களைப் பார்க்கலாம். குழந்தைகள் மேல் உனக்கு ஆசை என்றால், பச்சிளம் குழந்தைப் பிரிவு அனுபவத்தை ஏற்காத பள்ளிகளும் உண்டு. அவசரப் பிரிவு அனுபவத்தையும் பல பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை. நீ விரும்பும் பள்ளிகளின் விதியை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு வேலையை மாற்று.

ஒவ்வொரு ஐ.சி.யூ.விலும் நேர்முகத்தில் இதைக் கேள்: இங்கே வென்டிலேட்டரில் எத்தனை பேர் இருப்பார்கள்? மருந்தைச் செவிலியரே ஏற்றி இறக்குவாரா? புதியவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க மூத்தவர் இருக்கிறாரா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதே. ஆள் பற்றாக்குறையில் தனியாக விடப்பட்ட இடத்தில் நீயும் கெட்டுப்போவாய், நோயாளியும் கெட்டுப்போவார். தீவிர சிகிச்சைச் செவிலியருக்கென்று சி.சி.ஆர்.என். தேர்வு இருக்கிறது. அதை எழுதும் வழிகளில் ஒன்று, முந்தைய 2 ஆண்டில் 1,750 மணி நேரம் அத்தகைய நோயாளிகளைக் கவனித்திருப்பது. அதையும் மனத்தில் வை. விண்ணப்பிக்கும் முன் ஒரு மயக்கவியல் செவிலியரோடு அரங்கில் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிடு. பிடிக்கவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும்.

இதெல்லாம் அவளுக்காகச் சொன்னது. இனிச் சொல்வது, கட்டிலில் கிடப்பவருக்காக.

உங்கள் டீச்சரம்மா சில ஆண்டுகளுக்கு முன் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் நான் இருந்தேன். பகலில் வரும் செவிலியர் ஒருவர் வேலையைக் குறையில்லாமல் செய்வார். ஆனால் திரையைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், போய்விடுவார். இரவில் ஒரு பெண் வருவாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மயக்கத்தில் கிடப்பவரிடம், "அம்மா, திருப்பிப் படுக்க வைக்கிறேன்", "அம்மா, குழாயைச் சுத்தம் பண்றேன், கொஞ்சம் இருமல் வரும்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்வாள். கேட்காது என்று தெரிந்தும் ஏன் பேசுகிறாள் என்று நான் நினைத்தேன்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு இவள் சொன்னாள்: "என்ன நடந்துச்சுன்னே தெரியல. ஆனா யாரோ ஒரு பொண்ணு அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து முதன்முதலில் பள்ளியில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது ஒன்றாம் வகுப்பு. "இதை ஒரு வருஷம் ஓட்டிவிட்டு மேல் வகுப்புக்குப் போய்விடலாம்" என்று நானும் நினைத்தவன்தான். தலைமையாசிரியர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. வயிறு வலிக்குதா, பசிக்குதா, பயமா என்று நீதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்." முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். நான் கற்றதில் பாதி அந்த ஒன்றாம் வகுப்பில் கற்றது.

எனவே அவளிடம் கடைசியாக இதைச் சொன்னேன். "அந்த ஐ.சி.யூ. உனக்குப் படிக்கட்டாக இருக்கலாம்மா. ஆனா அந்தக் கட்டில்ல படுத்திருக்கறவங்களுக்கு அது கடைசி இடமாக்கூட இருக்கலாம். நாளை எண்ணிக்கிட்டு நிக்கிறவங்க கையில அவங்க இருக்கக் கூடாது. ஒரு வருஷம்னு கணக்கு வைக்காதே. அழைப்பு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே முகத்தைப் பார்த்து உனக்குத் தெரிய ஆரம்பிக்கும். அன்னைக்கு விண்ணப்பம் போடு. அது ஒரு வருஷத்திலயும் வரலாம், மூணு வருஷத்திலயும் வரலாம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிங்க சார். இதய அறுவை ஐ.சி.யூ.ல இரவு ஷிஃப்ட் ஒண்ணு காலியா இருக்கு. கஷ்டமா இருக்கும்னு ஒதுக்கி வச்சிருந்தேன். நாளைக்குப் பேசறேன்" என்றாள்.

நல்லபடியாக நடக்கட்டும். அவளுக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். உங்களில் செவிலியராக இருப்பவர்கள், இன்றிரவு யார் தலைமாட்டிலாவது நிற்பவர்கள், எல்லோருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்